நாவல் குறுந்தொடராகும்போது நடப்பது என்ன? செட்டிநாட்டு வீட்டை வைத்து ஒரு விளக்கம்

பிரபலமான நாவல் ஒன்றைத் தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் போதும், வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "ஒரு வரிகூட மாறக்கூடாது" என்பது ஒரு அணி. "புத்தகம் வேறு, படம் வேறு" என்பது இன்னொன்று. கதை செட்டிநாட்டில் நடப்பது என்றால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழும்: "எந்த வீட்டில் எடுக்கிறார்கள்?"

அந்த மூன்றாவது கேள்விதான் விஷயத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. நாவல் மாறுவது இயக்குநரின் இஷ்டத்தால் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் கேமரா ஊருக்குள் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. உரிமை ஒப்பந்தத்தில் கொஞ்சம், எபிசோட் கணக்கில் கொஞ்சம், கதை நடக்கும் வீட்டின் அமைப்பில் மீதி. இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால், எந்த மாற்றத்துக்குக் கோபப்படலாம், எதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

குறுந்தொடர் என்பது எது

சீரியல், வெப் சீரிஸ், குறுந்தொடர் மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். கையில் இருக்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியும்.

1. சினிமா: இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். ஒரே உட்காரலில் முடியவேண்டும்.

2. சேனல் சீரியல்: அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதை ஓடுவது சுமார் 22 நிமிடம். 500 எபிசோட் என்றால் 183 மணி நேரம். எப்போது முடியும் என்று எழுதுபவருக்கே முதலில் தெரியாது. பார்ப்பவர்கள் இருக்கும்வரை ஓடும்.

3. குறுந்தொடர்: ஆறு, எட்டு அல்லது பத்து எபிசோட். எட்டு எபிசோட், தலைக்கு 45 நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். முடிவு எது என்பது எழுத உட்காரும்போதே தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இந்த வடிவம் புதிதில்லை. தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒன்று, மொத்தம் பதின்மூன்று வாரம் என்று தொடர்கள் வந்தன. பதின்மூன்று வாரம் என்பது வருஷத்தில் கால் பங்கு. அந்த அளவு நாவலுக்கு நன்றாகவே பொருந்தியது. தனியார் சேனல்களின் தினசரி சீரியல் வந்தபிறகு வழக்கொழிந்த அந்த அளவுதான் இப்போது ஓடிடி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

குறுந்தொடருக்கு அடையாளம் முடிவுதான். ஜேம்ஸ் கிளாவெல் 1975-ல் எழுதிய ஷோகன் நாவலை 2024-ல் பத்து எபிசோடாக எடுத்தார்கள். ஒரே சீசனில் முடிகிற தொடர் என்றுதான் அது அறிமுகமானது. வரவேற்பைப் பார்த்து அடுத்த சீசன்களுக்கான வேலை தொடங்குகிறது என்று அறிவித்தவுடன், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குக் குறுந்தொடர் பிரிவை விட்டுத் தொடர் நாடகப் பிரிவுக்கு மாறிப் போட்டியிட்டது. நாவல் முதல் சீசனிலேயே முடிந்துவிட்டது. இனி வருவதற்கு நாவலில் பக்கம் கிடையாது, எல்லாமே புதிதாக எழுதவேண்டும். ஒரு நாவலைக் குறுந்தொடராக அறிவித்துவிட்டு இரண்டாவது சீசன் என்று சொன்னால், அங்கிருந்து ஆசிரியர் வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உரிமை: மாற்றம் தொடங்கும் முதல் இடம்

நாவலைத் தொடராக்கும் உரிமை எப்போதும் பதிப்பகத்திடம் இருக்கும் என்று சொல்லமுடியாது. எழுதிக்கொடுக்காதவரை அது ஆசிரியருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டுச் சட்டம். அதில் இந்த விஷயத்துக்கு வேண்டியவை இவை:

1. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை இருக்கும். 1960-ல் இறந்தவரின் நாவல் 2021 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கினால் அந்த 60 வருஷத்துக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. கல்கியின் நூல்கள் அப்படி நாட்டுடைமையானவை.

2. உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றமுடியும். எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் ஐந்து வருஷம். எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை திரும்பிவிடும்.

3. எழுதிக்கொடுத்த காலத்தில் புழக்கத்திலேயே இல்லாத ஒரு ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லாமல், உரிமை போய்ச்சேராது. இது 2012 திருத்தத்தில் வந்தது. பழைய "திரைப்பட உரிமை" காகிதம் ஒன்றைக் காட்டி ஓடிடி தொடர் எடுக்கப் புறப்படுபவர் வக்கீலிடம் முதலில் கேட்கவேண்டிய விஷயம் இதுதான்.

4. உரிமையை விற்றபிறகும் ஆசிரியருக்கு ஒன்று மிச்சமிருக்கும். தன் பெயருக்குக் கேடு வரும் அளவுக்குப் படைப்பைச் சிதைத்தால் 57-வது பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். மன்னு பண்டாரியின் இந்தி நாவல் படமானபோது 1986-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதுதான் பேசப்பட்டது. ஊடகத்துக்கு ஏற்ற மாற்றம் வேறு, சிதைப்பு வேறு என்ற பிரிப்பு அந்த வழக்கிலிருந்து வருகிறது.

நடைமுறையில் தயாரிப்பாளர் முதலிலேயே முழு விலை கொடுப்பதில்லை. "ஆப்ஷன்" என்று ஒரு சிறு தொகை கொடுத்து, ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைக்கிறார். அதற்குள் திரைக்கதை எழுதி, பணம் திரட்டி, ஓடிடி தளத்தின் சம்மதம் வாங்கவேண்டும். நாவல் தொடராகப்போகிறது என்று செய்தி வந்து அப்புறம் சத்தமே இல்லாமல் போவதற்கு, பெரும்பாலும் ஆப்ஷன் காலம் முடிந்துபோனதுதான் காரணம்.

இங்கே எழுத்தாளர் குடும்பத்துக்கு ஒரு பலம் இருக்கிறது, அதைத் தமிழில் யாரும் போதுமான அளவு பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் "தனிமையின் நூறு ஆண்டுகள்" என்ற தன் புகழ்பெற்ற நாவலின் படவுரிமையைத் தன் வாழ்நாளில் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் அது அடங்காது என்பதும், ஸ்பானிய மொழியில்தான் எடுக்கவேண்டும் என்பதும் அவர் எண்ணம். அவருக்குப் பின் வாரிசுகள் நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்தபோது ஸ்பானிய மொழியிலேயே எடுக்கப்பட்டது, படப்பிடிப்பு கொலம்பியாவிலேயே நடந்தது. பதினாறு எபிசோட், இரண்டு பகுதிகள். முதல் பகுதி 2024 டிசம்பரில் வெளியானது. இதற்கு நேர்மாறாக, விக்ரம் சேத்தின் "எ சூட்டபிள் பாய்" என்ற, 1993-ல் வெளியான 1,300 பக்கத்துக்கு மேற்பட்ட நாவலை 2020-ல் பிபிசி ஆறு எபிசோடாக, பெரும்பகுதி ஆங்கிலத்தில் எடுத்தது. வட இந்தியக் குடும்பங்கள் வீட்டுக்குள் ஆங்கிலம் பேசுவது பலருக்கு உறுத்தியது. எத்தனை எபிசோட், எந்த மொழி, எந்த ஊர் என்ற மூன்றும் படப்பிடிப்பில் தீர்மானமாகும் விஷயங்களாகத் தெரியும். உண்மையில் அவை கையெழுத்துப் போடும் மேசையில் தீர்மானமாகின்றன.

எபிசோட் கணக்கு

சரி, உரிமை கிடைத்தது. இனி ஒரு உதாரண நாவலை வைத்துக்கொண்டு போவோம். இது விளக்கத்துக்காகச் செய்துகொண்ட கதை. 1925-ல் பள்ளத்தூரில் வள்ளியம்மைக்குக் கல்யாணம். கணவன் வட்டிக்கடை ஏஜெண்டாக ரங்கூன் போகிறான். 1930-களில் பர்மாவில் நெல் விலை விழுகிறது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுகிறது, மக்கள் கால்நடையாக இந்தியா திரும்புகிறார்கள். 1960-களில் பர்மாச் சொத்து மொத்தமும் போகிறது. கடைசியில் வீடு பங்கு பிரிகிறது. அறுநூறு பக்கம், நாற்பது பாத்திரங்கள்.

ஆறு மணி நேரம் என்பது 360 நிமிடம். ஒரு சீன் சராசரியாக ஒன்றரை நிமிடம் என்றால் 240 சீன். அறுநூறு பக்கத்துக்கு 240 சீன். ஆகவே இரண்டரைப் பக்கத்துக்கு ஒரு சீன் என்று பங்கு போட்டுவிடலாமா? முடியாது. கல்யாணம் நாவலில் பத்துப் பக்கம்தான் இருக்கும், ஆனால் திரையில் அது முழு எபிசோட் கேட்கும். பர்மா நெல் விலை நாற்பது பக்கம் இருக்கலாம், திரையில் அது இரண்டு சீன். நாவலின் எடையும் திரையின் எடையும் ஒன்றாக இருப்பதில்லை.

தமிழ் நாவல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம்முடைய பிரபலமான நாவல்களில் பல, வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் "அடுத்து என்ன?" என்று இழுத்துக்கொண்டு முடியும். எபிசோட் பிரிக்க இது வசதி என்று தோன்றும். ஆனால் வாரத்துக்கு ஒரு முடிச்சு என்று வாசகர் ஏழு நாள் காத்திருந்த காலத்துக்கு எழுதியது அது. அதே முடிச்சுகளை ஒரே எபிசோடில் ஐந்தாறு போட்டால் எதுவுமே முடிச்சாகத் தெரியாது. அதனால் திரைக்கதை எழுதுபவர் முதலில் செய்யும் வேலை, பாதிக்கு மேற்பட்ட முடிச்சுகளை அவிழ்த்துவிடுவது. நாவலைக் கரைத்துக் குடித்த வாசகர் கண்ணில் முதலில் படும் "காணாமல்போன" இடங்கள் இவைதான்.

பாத்திரங்களும் சேர்ந்துபோகும். மூன்று சித்தப்பாக்கள் ஒரு சித்தப்பா ஆவார்கள். இதில் எனக்குத் தயக்கம் உண்டு. செட்டிநாட்டுக் கதையில் பங்காளிகளின் எண்ணிக்கையே கதை. மூன்று சித்தப்பா என்றால் அப்பாவோடு சேர்த்து ஆளுக்கு வீட்டில் நான்கில் ஒரு பங்கு, ஒரே சித்தப்பா என்றால் பாதி. கடைசி எபிசோடில் வீடு பிரியும்போது அந்தக் கணக்கு இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரையும் தரகரையும் ஒன்றாக்கலாம். பங்காளிகளை ஒன்றாக்குவது கதையின் கால்களில் ஒன்றை எடுப்பது.

யார் கண்ணால் பார்க்கிறோம்

நாவலில் ஆசிரியர் எல்லாம் அறிந்தவராக எங்கும் போய்வருவார். கேமரா ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும். யாரோடு நிற்பது என்பது பெரிய தீர்மானம். மேலே சொன்ன ஷோகன் நாவலே இதற்கு நல்ல சாட்சி. 1980-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதை எடுத்தபோது ஆங்கில மாலுமியோடு நின்றது. அவனுக்குப் புரியாத ஜப்பானியப் பேச்சு பார்ப்பவருக்கும் பெரும்பாலும் புரியாது. மொழிபெயர்ப்பு வரி போடவில்லை. 2024-ல் அதே கதையை ஜப்பானியப் பாத்திரங்களோடும் நின்று எடுத்தார்கள். பேச்சில் பெரும்பங்கு ஜப்பானியம், கீழே வரிகள். நாவல் ஒன்றுதான், சம்பவங்களும் ஏறக்குறைய அவைதான். இரண்டு தொடர்களும் இரண்டு வேறு கதைகள்.

நம் உதாரணத்துக்கு வருவோம். கணவனோடு நின்றால் ரங்கூன் மொகல் தெரு, கிட்டங்கி (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கூடம்), கப்பல், குண்டுவீச்சு எல்லாம் வேண்டும். செலவு எகிறும், பாதியைக் கம்ப்யூட்டரில் வரையவேண்டியிருக்கும். வள்ளியம்மையோடு நின்றால் ஒரு வீடு போதும். இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. ஏஜெண்டாகப் போனவருக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம், மனைவி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தாள். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு ரங்கூன் என்பது கடிதத்தில் வந்த ஊர், கண்ணால் பார்த்த ஊரே இல்லை. ஆகவே ஐந்து எபிசோட் வரைக்கும் ரங்கூனைக் காட்டவே கூடாது என்பது என் கட்சி. தேக்கு மரமாகவும், பணமாகவும், அரக்குப் பாத்திரமாகவும், தந்தியாகவும் மட்டும் அது வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கட்டும். இரண்டு மணி நேரப் படத்தில் இப்படிக் காக்கவைக்க முடியாது, பார்ப்பவர் எழுந்துபோய்விடுவார். குறுந்தொடர் இந்தக் கதைக்குப் பொருந்துவது இதனால்தான். காத்திருப்பைக் காட்டுவதற்கு அதில் நேரம் இருக்கிறது.

இப்படிச் செய்வதில் ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள், அதாவது நகரத்தார், கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். விலை விழுந்து கடன் திரும்பாமல் ஈட்டு நிலம் கைக்கு வந்ததன் விளைவு இது. பணமாகத் திரும்பவேண்டியது நிலமாக வந்து முடங்கியது நகரத்தார் பக்கத்துத் துயரம். அதே நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் ஒரு துயரம் உண்டு. நாவல் வீட்டை விட்டு வெளியே போகாவிட்டால் அந்த விவசாயி அதில் இருக்கமாட்டான். இன்று எடுக்கிற தொடர் அவனை எங்கே வைப்பது என்று யோசித்தே ஆகவேண்டும். அவனுக்காக ஒரு சீன் சேர்த்தால் அது நாவலுக்குத் துரோகம் ஆகாது.

வீடு எழுதும் திரைக்கதை

செட்டிநாட்டு வீடு சினிமாக்காரர்களுக்குப் பழக்கமான இடம். 1940-களில் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ வைத்துப் படம் எடுத்தார். 1947-ல் வந்த நாம் இருவர், மேடை நாடகம் ஒன்றைப் படமாக்கியது. பிறகு அவர் கோடம்பாக்கம் போனார், கோடம்பாக்கம் திரும்பத் திரும்பக் காரைக்குடிக்கு வந்தது. அப்படி வந்த பலருக்கு வீடு ஒரு பின்னணி. தூண் தெரியவேண்டும், ஆத்தங்குடித் தரை பளபளக்கவேண்டும், அவ்வளவுதான்.

கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் இதில் ஒரு விதிவிலக்கு. 1811-ல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ஆங்கில நாவல்தான் அந்தப் படத்துக்கு மூலம். வாரிசுரிமையால் பெண்கள் வீட்டை இழப்பது கதையின் தொடக்கம். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அந்த வீட்டைச் செட்டிநாட்டில் வைத்தார்கள். வீடு யாருக்கு என்ற கேள்வி சாதாரண வாழ்க்கையாக இருக்கும் ஊரில் வைத்ததால் இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலச் சொத்துச் சிக்கலை யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வரிசையாக:

1. திண்ணையும் முகப்பும்: ஆண்கள் உட்காரும் இடம். கணக்கு வழக்கு, விருந்தினர், வியாபாரப் பேச்சு எல்லாம் இங்கே.

2. வளவு: வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், பட்டாலை, அறைகள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) போன்ற சடங்குகள் இங்கே. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் இங்கே அறை உண்டு.

3. இரண்டாங்கட்டு: பந்தி போடும் இடம்.

4. மூன்றாங்கட்டும் பின்கட்டும்: அடுப்படி, பெண்கள் புழங்கும் இடம், பிறகு கிணறு, தோட்டம்.

நம் நாவலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "முகப்பில் மாமனாரும் ஏஜெண்டும் பேசிக்கொண்டது அடுப்படியில் இருந்த வள்ளியம்மையின் காதில் விழுந்தது." படிக்கும்போது யாருக்கும் உறுத்தாது. அந்த வீட்டில் போய் நின்று பார்த்தால் தெரியும், விழவே விழாது. நடுவில் இரண்டு முற்றம், மூன்று கதவு. ஸ்டுடியோவில் செட் போட்டால் அடுப்படியை முகப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றிவிடலாம். உண்மையான வீட்டில் எடுப்பவருக்கு மூன்று வழிதான் இருக்கிறது.

முதல் வழி, அவளை வளவுக்கு வரவழைப்பது. அதற்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும், காயப்போட்ட வற்றலை எடுக்க வந்தாள் என்பது போல. இரண்டாவது, இடையில் ஒரு ஆளை வைப்பது. முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கும் வேலைக்காரப் பையன் பாதியைக் கேட்டு, பாதியைத் தானே சேர்த்துச் சொல்வான். மூன்றாவது, அவளை மாடியில் நிறுத்துவது. அங்கிருந்து வளவு தெரியும். மாமனார் கணக்கு நோட்டை மூடுவது தெரியும், ஏஜெண்டு தலையைக் குனிவது தெரியும், பேச்சு மட்டும் கேட்காது.

மூன்றாவதை எடுத்தால் கதையே ஒரு படி மேலே போகிறது. நாவலில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். தொடரில் அவளுக்கு விபரீதம் என்று மட்டும் தெரியும், என்ன விபரீதம் என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. நாவலில் இல்லாத ஒரு சீன், ஆனால் நாவல் சொல்லவந்ததை நாவலைவிடக் கூர்மையாகச் சொல்கிறது. நல்ல மாற்றம் என்பது இப்படித்தான் வருகிறது. யாரோ உட்கார்ந்து "புதுமை செய்வோம்" என்று செய்வதில்லை, வீட்டின் சுவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடும்போது வருகிறது.

இன்னொரு விஷயம், அடுப்பு. நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். ஒரே கூரை, சடங்கு எல்லாம் சேர்ந்து, ஆனால் உலை தனி. நாவலாசிரியர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். திரையில் இது ஒரு பெரிய வசதி. முதல் எபிசோடில் பின்கட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது, நான்காவதில் எத்தனை, ஏழாவதில் எத்தனை என்று காட்டினால் போதும். குடும்பத்தின் நிலவரத்தை யாரும் வாய் திறந்து சொல்லவேண்டாம். கல்யாணத்தில் சாமான் பரப்புவதும் அப்படித்தான். இரண்டாவது எபிசோடில் பரப்பிய வெள்ளியும் வெண்கலமும் பீங்கானும் கடைசியில் எங்கே போகின்றன என்று காட்ட, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வசனமே வேண்டாம்.

கடிதமும் மனசுக்குள் ஓடுவதும்

நாவலைத் திரைக்குக் கொண்டுவரும்போது மிகவும் கஷ்டப்படுத்துவது பாத்திரத்தின் மனசுக்குள் ஓடுவது. எளிய வழி, பின்னணிக் குரலில் வாசித்துவிடுவது. ஒரு எபிசோடில் ஒரு முறை தாங்கும். எட்டு எபிசோடும் அதையே செய்தால் ஒலிப்புத்தகத்துக்குப் படம் போட்டதாக ஆகிவிடும்.

கடிதத்துக்கும் இதே கதிதான். கணவன் எழுதியதை அவன் குரலிலேயே ஒலிக்கவிடுவது வழக்கம். அதைவிட, கடிதம் வளவில் எல்லோர் முன்னாலும் பெரியவர் ஒருவரால் வாசிக்கப்படுகிறது என்று வைத்துப் பாருங்கள். சரக்கு, வட்டி, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) என்று போகிற கடிதத்தில் மனைவிக்கென்று கடைசியில் ஒரு வரி. அதை அவர் எப்படி வாசிக்கிறார், விட்டுவிடுகிறாரா, அவள் எங்கே நின்று கேட்கிறாள் என்பதெல்லாம் நடிப்பாகிவிடும். நாவலில் அவள் மனசில் ஓடிய இரண்டு பக்கமும் அந்த முகத்தில் வந்துவிடும், நடிகை சரியாக அமைந்தால்.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பச்சி, ஆத்தா, ஐயா, அப்பத்தா, ஆயா, ஆச்சி என்ற முறைப்பெயர்கள் அதது இருக்கும் இடத்தில் வரவேண்டும். தென்மாவட்டம் என்றாலே ஒரே மாதிரி மதுரைப் பேச்சைப் போடும் பழக்கத்தைச் சினிமா இன்னும் விடவில்லை. செட்டிநாட்டுக் காது அதை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடும்.

படப்பிடிப்பு என்ற நிஜம்

தொடரில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் வேகமான யூனிட். 360 நிமிடத்துக்கு 72 நாள். அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் என்றால் ஒன்றரை மாதம் அந்த வீடு வேண்டும். அங்கேதான் கதை மறுபடி மாறுகிறது.

வீட்டுக்கு ஒரு உரிமையாளர் இருப்பது அபூர்வம். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள், ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் நின்றுவிடும். சம்மதித்தாலும் கல்யாண முகூர்த்தம் உள்ள மாதங்களிலும் படைப்பு வைக்கும் நாட்களிலும் வீடு குடும்பத்துக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, வளவு திறந்த முற்றம். வளவுக்குள் நேர் வெயில் விழுவது உச்சிப்பொழுதை ஒட்டித்தான், மற்ற நேரத்தில் அறைகள் இருட்டு. ஆகவே நாவலில் ராத்திரி நடப்பது தொடரில் பகலுக்கு வரும், மழைக் காட்சி வெயில் காட்சி ஆகும், ஒரு வீட்டின் முகப்பும் இன்னொரு வீட்டின் வளவும் மூன்றாவது வீட்டின் அடுப்படியும் சேர்ந்து திரையில் ஒரே வீடாகும். கடைசியாகச் சொன்னது செலவில் நியாயமானது, கதைக்கு ஆபத்தானது. முகப்பிலிருந்து பார்த்தால் கதவுகள் ஒரே நேர்கோட்டில் பின்வாசல்வரை தெரிவது இந்த வீடுகளின் தனி அழகு. மூன்று வீடுகளை ஒட்டவைத்தால் அந்தக் கோடு கிடைக்காது. ஒரு பெண் பின்கட்டிலிருந்து முகப்புவரை முதல் முறையாக நடந்துவரும் சீன் நாவலின் உச்சம் என்றால், அதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்க ஒரு முழு வீடு வேண்டும்.

வீடு கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை சில:

1. தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்த்த சிமென்ட் கல். டிராலி தண்டவாளத்தையும் விளக்குக் கம்பத்தையும் நேரடியாக வைத்தால் கீறல் விழும். கீழே பலகை விரிப்பது யார் செலவு என்று எழுதவேண்டும்.

2. சுவர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஆணியும் ஒட்டுநாடாவும் அதற்கு எதிரி. பழைய தோற்றத்துக்காக ஆர்ட் டிப்பார்ட்மென்ட் பெயின்ட் அடித்தால் திரும்ப எடுப்பது லேசில் முடியாது.

3. பொருட்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பட்டியல் போட்டு, போகும்போது சரிபார்க்கவேண்டும்.

4. இரண்டாம் முறை. பேட்ச் ஒர்க் என்று, விட்டுப்போன காட்சிகளை எடுக்கத் திரும்ப வந்தால் அதற்குத் தனி வாடகையா, முன்பே சேர்ந்ததா என்பது.

செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. பல வீடுகள் இதற்குள் இடிந்துவிட்டன, மரமும் தூணும் தனித்தனியாக விலைபோயின. ஒன்றரை மாத வாடகை ஒரு வீட்டின் ஓடு மாற்றும் செலவுக்கு ஆகும் என்றால் அது நல்ல விஷயம்தான்.

ஆனால் ஊரிடமிருந்து தொடருக்கு வேண்டியது வீடு மட்டுமில்லை. பர்மாக் கடிதம் வளவில் வாசிக்கப்பட்டதைத் தாயார் சொல்லக் கேட்ட ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்தச் சடங்குக்கு யார் எங்கே நிற்பார்கள், மருமகள் எந்தக் கதவுவரை வருவாள், துக்க வீட்டில் யார் முதலில் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அவர்களைப் படப்பிடிப்பன்று கூப்பிட்டு, "கண்டாங்கிச் சேலைக் கட்டு சரியா பாருங்க ஆச்சி" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு அவர்களால் சேலைக் கட்டை மட்டும்தான் திருத்தமுடியும், சீனைத் திருத்தமுடியாது. ஒன் லைன் (காட்சிகளின் வரிசைச் சுருக்கம்) எழுதும் நாளிலேயே, சம்பளம் பேசி, டைட்டிலில் பெயர் போட்டு, அப்படி ஒருவரை மேசையில் உட்காரவைத்தால், அடுப்படியில் நின்று முகப்புப் பேச்சைக் கேட்கும் வள்ளியம்மையை, அது நடக்காது என்று அவர் அந்த மேசையிலேயே தடுத்துவிடுவார்.